சபைக்குள் இறங்கிய மோகினி

கேரளத்தின் மோகினியாட்டத்தில் ‘மூக்குத்தி’ என்றோர் உருப்படி இருந்தது. ஆடிக்கொண்டிருப்பவளின் மூக்குத்தி தொலைந்துவிட்டது என்பது அதன் பாவனை. முதலில் ஆடிய இடத்திலேயே தேடுவாள். கிடைக்காது. பிறகு சபையினர் நடுவே இறங்கிவிடுவாள். இவரிடம் இருக்குமோ, அவர் எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்போல் உட்கார்ந்திருக்கிறாரோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சந்தேகப்படுவாள். அதுவரை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது அவளால் பார்க்கப்படுவார்கள். ‘சந்தனம்’ என்ற உருப்படியில் அவள் சந்தனத்தோடு சபைக்குள் வந்து பூசுவாள். ‘ஏசல்’ உருப்படியில் பார்வதியும் லட்சுமியும் ஒருத்தி கணவனை மற்றவள் இழித்துப் பேசுவார்கள். இவற்றோடு ‘குறத்தி’, ‘பொலிகளி’ ஆகியவையும் சேர்ந்த ஒரு தொகுதி, இருபதாம் நூற்றாண்டில் மோகினியாட்டம் நிறுவனக் கலையானபோது கழித்துக்கட்டப்பட்டது. ஆபாசம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் வெளியேற்றப்பட்டது ஆபாசம்தானா என்பதை மீண்டும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆடும் பெண் தன் பார்வையாளரை நேருக்கு நேர் சீண்டிச் சிரிக்கவைக்கும் உரிமையே அன்று பறிபோனது என்பது என் வாதம். இதே வகைச் சிரிப்பு ஆணின் வாயிலிருந்து வந்தபோது இதே கேரளம் அதைப் போற்றிப் பாதுகாத்தது. இன்று திருவனந்தபுரத்தில் நடனம் கற்கவரும் வயதுவந்த பெண்களுக்கு, விலக்கப்பட்ட அந்த உருப்படிகளையும் கற்பிக்க வேண்டும்; அவற்றைச் சிறிய அரங்குகளில் ஆடிக் காட்டவும் வேண்டும்.

மேலை நாடுகளில் பர்லெஸ்க் என்ற ஆட்டத்துக்கு நேர்ந்ததை இதோடு வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். இன்று அந்நாடுகளின் நகரங்களில் அலுவலகம் முடிந்து மாலை வகுப்பில் அதைக் கற்கும் பெண்கள் ஏராளம். பெரும்பாலோருக்கு அது பிழைப்பு இல்லை. தங்கள் உடம்பைத் தாங்களே ரசிக்கவும், உள்ளூர் மேடையில் தோழிகள் ஆடுவதைப் பார்த்துக் கைதட்டவும் போகிறார்கள். அதன் பழைய கதை வேறு. 1868இல் லிடியா தாம்சன் என்ற ஆங்கில நடிகை தம் குழுவோடு நியூயார்க்கில் வந்து இறங்கினார். கிரேக்கப் புராணத்தைக் கேலி செய்யும் ‘இக்சியான்’ நாடகத்தில் பெண்களே ஆண் வேடமும் தரித்து, ஊர் நடப்பைச் சிலேடையில் குத்திப் பேசினார்கள். கூட்டம் அலைமோதியது, வைதவர்களும் குறைவில்லை. இதை ஆராய்ந்த ராபர்ட் ஆலன் 1991இல் வெளிவந்த தம் நூலில் ஒரு முக்கியமான கருத்தை முன்வைக்கிறார். தொடக்கத்தில் அந்தப் பெண்கள் பேசினார்கள், நையாண்டி செய்தார்கள். காலப்போக்கில் பேச்சு ஆண் கோமாளிகளிடம் போய்விட்டது, பெண்ணிடம் எஞ்சியது வாய்பேசாத உடல் மட்டும். ஆடை களையும் ஆட்டமாக அது சுருங்கியது அதன் பிறகுதான். 1937இல் நியூயார்க் நகர நிர்வாகம் அந்த அரங்குகளுக்கு உரிமம் மறுத்து மூடியது. 1990களில் பெண்களே அதை மீட்டெடுத்தபோது முதலில் திரும்பிவந்தவற்றில் கேலியும் ஒன்று. அங்கே பேச்சை எடுத்துவிட்டு உடலை வைத்துக்கொண்டார்கள். இங்கே சிரிப்பை எடுத்துவிட்டு லாஸ்யம் என்னும் நளினத்தை வைத்துக்கொண்டோம். இரண்டிடத்திலும் போனது ஒன்றே.

திருவனந்தபுரத்தை இந்தக் கதைக்கு மையமாக்குவது சுவாதித் திருநாளின் சபை. 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட அந்த இளம் மன்னரிடம் தஞ்சை நால்வர் என்ற நட்டுவச் சகோதரர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் வடிவேலு அங்கேயே வேரூன்றினார்; 1834இல் மன்னர் அவருக்குத் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தது இசையுலகம் அறிந்த செய்தி. வர்ணம், பதம், தில்லானா என்ற தஞ்சைச் சதிரின் வரிசை மோகினியாட்டத்துக்குள் வந்தது இந்தத் தொடர்பால்தான். கோட்டைப் பகுதியில் தஞ்சாவூர் அம்மவீடு என்ற பெயரோடு நிற்கும் மாளிகை, தமிழகத்திலிருந்து வந்த ஆடல்மகள் ஒருத்தியின் நினைவை ஊர்வழக்கில் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. அந்தச் சபையின் சிருங்காரம் கூச்சம் அறியாதது. தாலாட்டுகளில் தலைசிறந்ததென்று மலையாளிகள் கொண்டாடும் ‘ஓமனத்திங்கள் கிடாவோ’வை எழுதிய இரயிம்மன் தம்பியேதான், முந்தைய இரவின் இன்பத்தைத் தலைவி தோழியிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லும் ‘பிராணநாதன்’ பதத்தையும் எழுதினார். அவர் மகள் குட்டிக்குஞ்ஞு தங்கச்சி ஆட்டக்கதைகளோடு குறத்திப்பாட்டும் எழுதினார். அரண்மனை வட்டத்துப் பெண் ஒருத்தி கையில் எடுத்த குறத்தியை, பிற்காலத்தவர் கீழ்மை என்று ஒதுக்கியதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுவாதித் திருநாள் 33 வயதில் இறந்தார். அடுத்து வந்த உத்திரம் திருநாளுக்குக் கதகளியில் பற்று. அரண்மனை ஆதரவு போனதும் மோகினியாட்டக் குழுக்கள் ஜன்மிகள் என்ற நிலக்கிழார்களின் வீடுகளையும் நாட்டுப்புற விழாக்களையும் நம்ப வேண்டியதாயிற்று. 1890களில் சென்னை மாகாணத்தில் கிளம்பிய நாட்டிய எதிர்ப்பு இயக்கம், ஆடல்மகளிர் கச்சேரிக்குப் போகவே கூடாது என்று உயர் அதிகாரிகளிடம் மனுக்கொடுத்தது. திருவிதாங்கூரில் சேது லட்சுமி பாயி ரீஜெண்டாக ஆண்ட காலத்தில் (1924–1931) கோயில்களில் தேவதாசி முறை ஒழிக்கப்பட்டது. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த சுசீந்திரம் கோயிலின் தாசியரைப் பற்றிக் கே. கே. பிள்ளை விரிவாக எழுதியிருக்கிறார். அதைப் படிப்பவருக்கு அந்த முறையை மறுபடி விரும்பத் தோன்றாது. பிறப்பாலும் பொட்டுக்கட்டாலும் ஒரு பெண்ணின் வாழ்வைப் பிறர் முடிவுசெய்த ஏற்பாடு அது. அதை ஒழித்தது சரியே. ஆனால் ஒரு ஏற்பாட்டை ஒழிப்பது வேறு, அதில் வாழ்ந்த பெண்கள் கைவசம் வைத்திருந்த வித்தையில் பாதியைக் குப்பையில் போடுவது வேறு. இரண்டும் ஒரே செயலாக நடந்ததால் இரண்டாவதைப் பற்றிக் கேட்பாரில்லாமல் போயிற்று.

கவிஞர் வள்ளத்தோளும் மணக்குளம் முகுந்தராஜாவும் 1930இல் கேரள கலாமண்டலத்தைத் தொடங்கினார்கள். மோகினியாட்டம் கற்பிக்க ஆசிரியை தேடி ஒரிக்கலேடத்துக் கல்யாணி அம்மாவைக் கண்டுபிடித்தார்கள். முதல் மாணவியான தங்கமணி பின்னர் குரு கோபிநாத்தை மணந்தார். கோபிநாத் திருவிதாங்கூர் அரண்மனைக் கலைஞரானார். அடுத்த தலைமுறையில் கலாமண்டலம் கல்யாணிக்குட்டி அம்மா (1915–1999) அடவுகளை வகைப்படுத்தி, சொல்கெட்டு தொடங்கித் தில்லானா வரை கச்சேரி வரிசையை உறுதியாக்கி, வரலாறும் எழுதிவைத்தார். கசவுக் கரை வைத்த வெண்பட்டும் பக்கக் கொண்டையும் மோகினியாட்டத்தின் அடையாளமாயின. இந்தப் பணியை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆடுகிறவள் என்றால் ஏளனம் செய்த சமூகத்தில், குடும்பத்துப் பெண் துணிந்து ஆட முன்வந்ததற்குப் பின்னால் பலருடைய வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. பூஜப்புரையில் வளர்ந்து கோபிநாத்திடம் பயின்ற லலிதா, பத்மினி, ராகினி சகோதரிகள் தமிழ்த் திரைக்கு வந்து கொண்டாடப்பட்டதும் இந்த மாற்றத்தின் விளைவுதான். ஆனால் மதிப்பு சும்மா வரவில்லை. மேடைக்கும் சபைக்கும் நடுவே கோடு கிழிக்கப்பட்டது. அவள் கண் இனி இல்லாத தலைவனையோ சிலையிலுள்ள கடவுளையோ தேடலாம். முன்வரிசையில் இருப்பவரைத் தேடக் கூடாது.

ஆபாசம்தான் அளவுகோல் என்றால் அது எல்லோருக்கும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். இருந்ததா என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. கேரளத்தின் சமஸ்கிருத நாடக மரபான கூடியாட்டத்தில் கோமாளியாக வரும் விதூஷகனைப் பார்த்தால் போதும். நாயகன் காதல் வயப்பட்டுச் சமஸ்கிருத சுலோகம் சொல்வான். உடனே விதூஷகன் அதே யாப்பில், அதே வாக்கிய அமைப்பில் மலையாளத்தில் ஒரு பிரதிசுலோகம் சொல்வான். அங்கே அழகியின் அங்க வர்ணனை என்றால் இங்கே ஒரு வேலைக்காரியின் அழுக்கும் அலங்கோலமும். உயர்ந்தது என்று சொல்லப்படுவதை அப்படியே தரையில் இறக்கிக் காட்டும் கேலி இது. லிடியா தாம்சன் கிரேக்கக் கடவுளருக்குச் செய்ததும் இதுவே. புருஷார்த்தக் கூத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறான். அறம், பொருள், இன்பம், வீடு இந்தக் காலத்துக்கு ஒத்துவராது என்று சொல்லி, அவற்றின் இடத்தில் வினோதம், வஞ்சனம், அசனம், ராஜசேவை என நான்கை வைக்கிறான். வினோதம் என்பது சிற்றின்பம். வஞ்சனம் என்பது கணிகையை ஏய்ப்பது. அசனம் என்பது வயிறு புடைக்கத் தின்பது. இவற்றைப் பல இரவுகள் விரித்துப் பேசுகிறான், கோயில் வளாகத்துக்குள்ளே, விளக்கின் முன்னே. சபையில் யாரை வேண்டுமானாலும் கைகாட்டிக் கேலி செய்யலாம், மன்னனே ஆனாலும் எதிர்த்துப் பேசக் கூடாது என்பது அந்த வேடம் கட்டும் சாக்கியாருக்கு மரபு தந்த பாதுகாப்பு.

இந்தக் கலையை யாரும் சுத்திகரிக்கக் கிளம்பவில்லை. பைங்குளம் ராம சாக்கியார் அதைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தார். திருவனந்தபுரத்தில் அப்புக்குட்டன் நாயர் நிறுவிய மார்கி, கதகளியோடு கூடியாட்டத்துக்கும் பயிற்சியும் மேடையும் தந்தது. 2001இல் யுனெஸ்கோ மானுட மரபின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாக அதை அறிவித்தது. எல்லாம் நல்லதற்கே. ஆனால் கணக்கு என்னவோ இடிக்கிறது. கணிகையை ஏய்ப்பது எப்படி என்று ஒரு ஆண் சபையைப் பார்த்து விளக்கினால் அது நாட்டிய மரபு. ஒரு பெண் சபையில் இறங்கி மூக்குத்தி தேடினால் அது ஆபாசம். சொல்லின் அளவில் பார்த்தால் முன்னதில்தான் விரசம் அதிகம். எனவே கத்தி விழுந்த இடத்தைத் தீர்மானித்தது விரசத்தின் அளவாக இருக்க முடியாது. யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதே அதைத் தீர்மானித்திருக்க வேண்டும். சாதியும் இதில் கலந்திருக்கிறது. சாக்கியாருக்குக் கோயில் சார்ந்த அந்தஸ்து இருந்தது. மோகினியாட்டக்காரிக்கு இல்லை.

தென் திருவிதாங்கூரின் நாட்டுப்புறத்திலும் இந்தச் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. திருவனந்தபுரம் வட்டாரத்துக் காக்காரிசி நாடகத்தில் சிவன் காக்காலனாகவும் பார்வதி காக்காத்தியாகவும் வந்து, தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில் ஊர்த் தம்புரானோடு வாதாடுகிறார்கள். பெண் வேடமும் ஆண்களே கட்டுவது வழக்கம். வள்ளியும் தெய்வயானையும் மல்லுக்கட்டும் ஏசல் நூல்கள் நம்மிடமும் உண்டு. அவற்றைப் பக்தி இலக்கியத்தோடு சேர்த்தே படித்தோம். மோகினியாட்டத்தின் ஏசலில் பார்வதி, லட்சுமி வாய்ச்சண்டையைக் கேட்டுத் தமிழ் வாசகர் யாரும் திடுக்கிடப் போவதில்லை.

இந்த உருப்படிகளை மீட்பதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்று: சபையில் இறங்கிய அந்தப் பெண் விரும்பியா இறங்கினாள்? ஜன்மியின் முற்றத்தில், அவன் சோற்றை நம்பி ஆடியவளுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல வாய் இருந்ததா? சந்தனம் பூசப்போன கையைப் பிடித்து இழுத்தவனை யார் தட்டிக் கேட்டிருப்பார்கள்? இந்தக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு அந்தக் காலத்தை ஏக்கத்தோடு வர்ணிப்பது பொய்யாகும். ஆனால் இந்த மறுப்பு உண்மையில் சுட்டுவது உருப்படியை அல்ல, அது ஆடப்பட்ட நிலைமையை. அதே ஜன்மி முற்றத்தில்தான் பதமும் வர்ணமும் ஆடப்பட்டன; அவற்றை நாம் வைத்துக்கொண்டோம். நிலைமை மாறக்கூடியது. இன்று ஆடுபவள் தன் விருப்பத்தால் கற்றவள். அரங்கு நடத்துபவருக்குப் பொறுப்பு உண்டு. சபையில் பாதிப்பேராவது பெண்கள். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மூக்குத்தி ஆட்டத்தின் இலக்கணப்படி சந்தேகப்படுபவள் அவள், சந்தேகத்துக்கு ஆளாகிறவர் பார்வையாளர். யாரிடம் போவது, எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது விலகுவது எல்லாம் அவள் முடிவு. அதிகாரமற்றவளுக்கும் சில நிமிடமாவது சபையை ஆள வழி செய்த உருப்படி அது. இன்றைய இடர் வேறு வகையானது: எல்லோர் கையிலும் கைப்பேசி. ஒரு நொடி வெட்டி எடுக்கப்பட்டு ஊரெல்லாம் சுற்றினால் ஆடியவளுக்குத்தான் தலைகுனிவு. படம்பிடிக்கக் கூடாது, ஆடுபவளைத் தொடக் கூடாது என்ற இரண்டு விதிகளை வாசலிலேயே சொல்லி, மீறியவரை வெளியேற்றும் துணிவுள்ள அரங்கில் மட்டுமே இதை ஆட முடியும்.

இரண்டாவது மறுப்பு பக்தியின் பெயரால் வருவது. மோகினியாட்டத்தின் சிருங்காரம் ஜீவாத்மா பரமாத்மாவைத் தேடும் தவிப்பு, அதில் சபையைச் சீண்டுவதற்கு இடமேது என்பார்கள். சதிருக்கும் இந்தக் கேள்வி எழுந்தது. தஞ்சை மரபில் வந்த பாலசரஸ்வதி 1975இல் தமிழிசைச் சங்கத் தலைமையுரையில் இதற்குப் பதில் சொன்னார். சிருங்காரத்தில் சுத்தம் செய்ய வேண்டிய அழுக்கு எதுவும் இல்லை, அதைத் தூய்மைப்படுத்த வருகிறவர்களே அதைக் கெடுக்கிறார்கள் என்பது அவருடைய நிலைப்பாடு. பக்தியை அவர் மறுக்கவில்லை; உடலை மறைத்துத்தான் பக்தியைக் காட்ட முடியும் என்பதையே மறுத்தார். நகைச்சுவைக்கும் அதையே நீட்டிச் சொல்லலாம். பரதரின் ரசப் பட்டியலில் சிருங்காரத்துக்கு அடுத்து நிற்பது ஹாஸ்யம். சிருங்காரத்திலிருந்தே ஹாஸ்யம் பிறக்கிறது என்கிறது நாட்டிய சாஸ்திரம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கியதற்கு சாஸ்திரத்தில் ஆதாரம் கிடையாது.

இனி வகுப்புக்கு வருவோம். கேரளத்தில் நடனப் பயிற்சி பெரும்பாலும் குழந்தைகளுக்கானது, அதிலும் போட்டிக்கானது. 1957இல் தொடங்கிய பள்ளிக் கலோத்சவத்தில் மோகினியாட்டம் ஒரு போட்டிப் பிரிவு. 2025 ஜனவரியில் அது திருவனந்தபுரத்திலேயே நடந்தது. நடுவர் மூவர் மதிப்பெண் போடும் மேடையில் சில நிமிடங்களுக்குள் முத்திரையும் தாளமும் பிசகாமல் ஆடிவிட வேண்டும். சபையோடு பேசுவதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது. பத்தாம் வகுப்போடு சலங்கையைக் கழற்றிவைத்த பெண் நாற்பது வயதில் திரும்பிவரும்போது அவளுக்குப் போட்டி இல்லை, அரங்கேற்றக் கட்டாயமும் இல்லை. ஆனால் அவளுக்குக் காத்திருப்பது அதே பாடத்திட்டம்: தவமிருக்கும் நாயகி, வராத தலைவன், வாடும் முகம். குடும்பம் நடத்தி, வேலை பார்த்து, மனிதர்களை எடைபோடத் தெரிந்த பெண்ணுக்கு மூக்குத்தி கச்சிதமாகப் பொருந்தும். பதினான்கு வயதுச் சிறுமிக்கு அது பொருந்தாது, கற்பிக்கவும் கூடாது. வயதுவந்தோர் வகுப்பு என்பதற்கு மெதுவாகக் கற்பிக்கும் வகுப்பு என்று பொருள் கொள்ளாமல், வயது வந்தால் மட்டுமே ஆடக்கூடியதைக் கற்பிக்கும் வகுப்பு என்று கொண்டால் பாடத்திட்டமே மாறும்.

அரங்கும் மாற வேண்டும். கனகக்குன்றின் நிசாகந்தி திறந்தவெளி அரங்கு அழகானது. ஆனால் அங்கே விளக்கொளியில் நிற்பவளுக்கு நாலாவது வரிசைக்கு அப்பால் முகம் தெரியாது. முகம் தெரியாத சபையில் மூக்குத்தி தேட முடியாது. கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயில் உற்சவத்தில் கதகளி பார்ப்பவர்களுக்கு நெருக்கம் என்றால் என்னவென்று தெரியும். நடிகரின் கண்ணசைவு எட்டும் தூரத்தில் அமர்ந்து, அடுத்த கட்டம் எதுவென்று அறிந்து, மனோதர்மம் எங்கே விரிகிறது என்று காத்திருக்கும் ரசிகர் கூட்டம் அந்த ஊருக்குப் புதிதன்று. நூறு பேர் அமரும் கூடமும், ஒரே ஆட்டக்காரியை மூன்றாம், நான்காம் முறை பார்க்க வரும் உள்ளூர் ரசிகர்களும் இருந்தால் இந்த உருப்படிகள் உயிர்பெறும். சபை தெரிந்த முகமாக இருக்கும்போதுதான் கேலி விளையாட்டாகும். சுற்றுலாப் பருவத்தின் ஒருநாள் விழாக்களால் இது ஆகாது.

ஆடுவதற்கு உருப்படி மிச்சமிருக்கிறதா என்ற கேள்விக்கு விடை இரிஞ்ஞாலக்குடையில் இருக்கிறது. நிர்மலா பணிக்கர் பழைய ஆட்டக்காரிகளின் நினைவுகளைத் தேடித் திரட்டி, மூக்குத்தி, சந்தனம், ஏசல், குறத்தி, பொலிகளி ஆகியவற்றை மீட்டமைத்து மேடையேற்றினார். இங்கே ஒரு நியாயமான குற்றச்சாட்டையும் எதிர்கொள்ள வேண்டும். ஆடியதற்காக இழிவுபட்ட குலத்துப் பெண்களிடமிருந்து கலையை வாங்கிக்கொண்டோம். இழிவு என்று ஒதுக்கியதையும் இப்போது நடுத்தர வர்க்கப் பெண்கள் மாலைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளலாமா? கடலோர ஆந்திரத்தின் கலாவந்துலு என்னும் ஆடல்குலப் பெண்கள் தங்கள் பதங்களையும் ஜாவளிகளையும் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தங்களுக்குள்ளேயே ஆடிப் பாடிக் காத்துவந்ததை தாவேஷ் சோனேஜி 2012இல் வெளியிட்ட நூலில் காட்டியிருக்கிறார். விராலிமலை முருகன் கோயிலில் சதிர் ஆடிய முத்துக்கண்ணம்மாளுக்குப் பத்மஸ்ரீ வந்தது 2022இல். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்தக் குற்றச்சாட்டைத் தர்க்கத்தால் தள்ளிவிட முடியாது. கடனை ஒப்புக்கொண்டு நடந்தால் மட்டுமே கொஞ்சம் அடைக்க முடியும். யாரிடமிருந்து எந்த உருப்படி வந்தது என்பதை நிகழ்ச்சி அழைப்பிதழில் அச்சிடுவதும், அந்தக் குடும்பங்களில் யாராவது கற்பிக்க முன்வந்தால் முதல் ஊதியத்தை அவர்களுக்குக் கொடுப்பதும் அதன் தொடக்கம்.

கலாமண்டலம் 2024 மார்ச்சில் மோகினியாட்டத்தைப் பால் வேறுபாடின்றி எல்லா மாணவருக்கும் திறந்துவிட்டது. யார் மோகினியாகலாம் என்ற கதவு திறந்தபின், மோகினி என்ன செய்யலாம் என்ற கதவை மட்டும் அடைத்துவைப்பதில் பொருளில்லை. 2030இல் அந்த நிறுவனத்துக்கு நூறு வயது ஆகிறது. அதற்குள் வட்டியூர்க்காவில் அரசு நடத்தும் குரு கோபிநாத் நடனகிராமம் போன்ற ஓரிடத்தில், வயதுவந்தோருக்கு ஓராண்டு வகுப்பாக இந்த ஐந்து உருப்படிகளையும் தொடங்கலாம். கற்பிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கற்க விரும்பும் பெண்களும் அதே நகரத்தில், அலுவலகம் முடிந்த மாலைகளில் இருக்கிறார்கள்.